காமிக்ஸ் தேர்தல் நடத்துவது எப்படி: காகிதப்பட்டறை முறை

வேலூர் காகிதப்பட்டறையில் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் அங்கே கூடி, போன வருஷம் வந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸில் எது சிறந்தது, எழுதியவர்களில் யார், வரைந்தவர்களில் யார் என்று ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். எங்கள் ஊரிலும் நடத்தணும், எப்படி என்று எழுதிக் கொடு என்று குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் இருக்கிற நண்பர்கள் கேட்டார்கள். அதற்காகத்தான் இது. பத்துப் பேர் சேர்ந்தாலே நடத்தலாம். இருபது பேர் என்றால் சண்டை இன்னும் நன்றாக இருக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா கை தூக்கச் சொல்லி ஓட்டெடுத்தால் ஜெயிப்பது நல்ல புத்தகமாக இருக்காது, நிறையப் பேர் கையில் கிடைத்த புத்தகமாகத்தான் இருக்கும். பேட்மேனை எல்லோரும் படித்திருப்பார்கள். காட்பாடியில் ஒரு மாணவர் மட்டும் கூரியரில் வரவழைத்துப் படித்த புத்தகம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் ஒரே ஓட்டோடு நிற்கும். கீழே நான் சொல்லும் விதிகளில் பாதி இந்தக் கோளாறைச் சரிசெய்ய வந்தவைதான்.

ரசிகர்கள் ஓட்டுப் போடுவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. அமெரிக்காவில் 1961-ம் வருஷக் காமிக்ஸில் தொடங்கி ஆலி விருதுகள் என்று கொடுத்தார்கள். ஆலி ஊப் என்ற குகை மனிதச் சித்திரக்கதை நாயகனின் பெயர் அது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் டெட்ராய்ட்டில் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜெர்ரி பெய்ல்ஸும், பள்ளி ஆசிரியராக இருந்த ராய் தாமஸும். தாமஸ் பின்னாளில் ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தின் தலைமை ஆசிரியராகவே ஆனார். 1964 மார்ச்சில் ஓட்டுச்சீட்டுகளை எண்ணுவதற்காக ரசிகர்கள் பெய்ல்ஸின் வீட்டில் ஒரு வார இறுதி கூடினார்கள். பிற்காலத்துக் காமிக்ஸ் மாநாடுகளுக்கு அதையே முன்னோடியாகச் சொல்வார்கள். பிரிட்டனில் 1977-ல் இருந்து ஈகிள் விருதுகளுக்கும் ரசிகர்கள்தான் ஓட்டுப் போட்டார்கள். 1988-ல் வந்த ஐஸ்னர் விருது வேறு வகை: நடுவர்கள் பட்டியல் போடுவார்கள், தொழிலில் இருப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். நமக்கு ஆலி வழிதான் சரி. வீடு, மேசை, சீட்டு, சத்தம்.

வருஷம் என்றால் எது வருஷம்?

பாதிச் சண்டை இங்கேதான் வரும், அதனால் இதை முதலில் எழுதி ஒட்டிவிடுங்கள். அமெரிக்கக் காமிக்ஸின் அட்டையில் இருக்கும் மாதத்தை நம்பாதீர்கள். சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் 1938 ஜூன் என்று இருக்கும். கடைக்கு வந்தது ஏப்ரலில். கடையில் கூடுதல் நாள் புதுசு போலத் தெரியட்டும் என்று தேதியை முன்னால் தள்ளிப் போடுவது அங்கே நெடுநாள் வழக்கம். எனவே ஆங்கிலப் புத்தகத்துக்கு அது விற்பனைக்கு வந்த தேதி. தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழில் வெளிவந்த மாதம். நம் கைக்குப் பார்சல் வந்து சேர்ந்த தேதி கணக்கில் வராது, அதை வைத்தால் ஆளுக்கொரு வருஷம் ஆகிவிடும்.

தொடர்கதை இரண்டு வருஷத்தில் கால் வைத்தால்? பன்னிரண்டு இதழ்களாக வந்த வாட்ச்மென் 1986-ல் தொடங்கி 1987-ல்தான் முடிந்தது. இந்த மாதிரிக் கதைக்கு எங்கள் விதி, கடைசி இதழ் வந்த வருஷம். பாதிக் கதைக்குப் பரிசு கொடுப்பதில் அர்த்தமில்லை. முடிவில்லாமல் ஓடும் மாதத் தொடர் என்றால், அந்த வருஷத்தில் குறைந்தது நான்கு இதழ் வந்திருக்க வேண்டும். அப்சல்யூட் பேட்மேன் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. வருஷம் முடியும்போது அதற்கு நான்கு இதழ் தேறவில்லை. இப்படிப்பட்டதை 'சிறந்த தனி இதழ்' பிரிவில் சேருங்கள், 'சிறந்த தொடர்' பிரிவுக்கு அடுத்த வருஷம் வரட்டும்.

அப்புறம் மறுபதிப்பு. தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள் இருக்கிற எந்த ஊரிலும் இதற்குத் தனிப் பிரிவு போடாமல் தேர்தல் நடத்தாதீர்கள். இரும்புக்கை மாயாவி பிரிட்டனில் வேலியண்ட் வார இதழில் வெளிவரத் தொடங்கியது 1962-ல். அவரை வைத்துத்தான் 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸே தொடங்கியது. சிவகாசியிலிருந்து மாயாவி மறுபடி வந்தால், ஐம்பது வயது தாண்டியவர்கள் பட்டியலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அவருக்குக் குத்திவிட்டுப் போவார்கள். தனிப் பிரிவு என்று அறிவித்த அன்று ராணிப்பேட்டை தோல் ஷெட்டில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் கேட்டார்: "இன்னா தலைவரே, மாயாவி இல்லாம ஒரு லிஸ்ட்டா?" மாயாவிக்குத் தனிக் கோட்டையே ஒதுக்கியிருக்கிறோம், புதுசுகளோடு அவர் மோத வேண்டாம் என்று சொன்னேன். சமாதானமாகி உட்கார்ந்தார்.

பட்டியல்

ஞாபகத்தை வைத்து ஓட்டுப் போடச் சொன்னால் நவம்பர், டிசம்பர் புத்தகங்கள்தான் வரும். பிப்ரவரியில் வந்தது யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ஒரு நீளநோட்டு போட்டு, ஜனவரியில் இருந்தே யார் எந்தப் புத்தகம் வாங்கினாலும் அதில் எழுதச் சொல்லுங்கள். பெயர், இதழ் எண், வந்த மாதம், எழுதியவர், வரைந்தவர், வண்ணம் போட்டவர், யாரிடம் இருக்கிறது. கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், அக்டோபரில் எல்லோரும் அலமாரியைக் காலி செய்து புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சீட்டு அச்சடிப்பது என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள். எழுத்து 14 பாயின்ட்டுக்குக் குறைய வேண்டாம், நம் வாக்காளர்களில் பாதிப் பேர் கண்ணாடியை மறந்துவிட்டு வருபவர்கள். பட்டியலின் மேலே இருக்கும் பெயருக்குச் சும்மாவே நாலு ஓட்டு கூடுதலாக விழும், நடுவில் மாட்டிக்கொண்டது கவனிப்பாரில்லாமல் போகும். எனவே பாதிச் சீட்டை ஒரு வரிசையிலும், மீதிப் பாதியை வரிசையைக் கலைத்தும் அடியுங்கள். முதல் சுற்றுக்கு வெள்ளைத் தாள், இறுதிச் சுற்றுக்கு மஞ்சள் தாள். பின்பக்கம் கடை முத்திரை. சீட்டில் வரிசை எண் மட்டும் போடாதீர்கள். எண் இருந்தால் யார் எதற்குப் போட்டார் என்று கண்டுபிடித்துவிடலாம், அப்புறம் யாரும் மனசில் பட்டதைப் போட மாட்டார்கள்.

முதல் சுற்று: படித்தவருக்கே மார்க்

சீட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே இரண்டு கட்டம். முதலாவது 'படித்தேன்'. இரண்டாவது பத்துக்கு எத்தனை மார்க். முதல் கட்டத்தில் டிக் இல்லாவிட்டால் இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. படிக்காத புத்தகத்துக்குச் சுழியம் போடுவதும் செல்லாது.

எண்ணும்போது மொத்த மார்க்கைப் பார்க்காதீர்கள், சராசரியைப் பாருங்கள். இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புத்தகத்தைப் 18 பேர் படித்து மொத்தம் 108 மார்க் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்றை 7 பேர்தான் படித்திருக்கிறார்கள், மொத்தம் 56. கூட்டிப் பார்த்தால் முதலாவது எங்கேயோ போய்விடும். வகுத்துப் பாருங்கள்: முதலாவது 6, இரண்டாவது 8. முன்னுக்கு வர வேண்டியது இரண்டாவதுதான்.

ஆனால் ஒரே ஒருவர் படித்துப் பத்துக்குப் பத்து போட்ட புத்தகம் முதலிடம் பிடிக்கக் கூடாது இல்லையா? அதற்கு ஒரு வரம்பு: ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்காவது படித்திருக்க வேண்டும். இருபதுக்கு ஏழு பேர். அதற்குக் கீழே நிற்பவை தோற்றவை அல்ல, காத்திருப்போர் பட்டியலில் போகும்.

சராசரியில் முதல் ஐந்து இடம் பிடித்தவை இறுதிச் சுற்றுக்கு. இரண்டு சுற்றுக்கும் நடுவில் மூன்று வாரமாவது விடுங்கள். ஐந்து புத்தகத்தையும் படித்தவருக்குத்தான் மஞ்சள் சீட்டு. இந்த விதியைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் குழுவே இந்த மூன்று வாரத்தில்தான் உயிரோடு இருக்கிறது. நீளநோட்டில் 'யாரிடம் இருக்கிறது' என்ற கட்டம் இப்போதுதான் வேலைக்கு வரும். புத்தகங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கடையில் வைத்துவிடுவோம். ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி பார்க்கும் சிஸ்டர் காலையில் பஸ் பிடிக்கும் முன்னால் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார், மறுநாள் திருப்பி வைத்துவிடுவார், ஒரு பக்கம் மடங்கியிருக்காது. குடியாத்தம் வாத்தியார் எடுத்துப்போனால் நான் இரண்டு தடவை போன் செய்ய வேண்டும். புத்தகத்தைத் தொடும்போது கையில் பஜ்ஜி இருக்கக் கூடாது என்பது மட்டும் எழுதி ஒட்டிய விதி.

கலைஞர்களுக்கு ஓட்டுப் போடுவது

புத்தகத்துக்கு மார்க் போடுவது சுலபம். ஆளுக்குப் போடுவதுதான் கஷ்டம், நாம் பெயர்ப் பட்டியலையே படிப்பதில்லை. குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரை (ஸ்பைடர்மேன் வேறு, இவர் பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகன்) படித்து வளர்ந்த எங்கள் தலைமுறையில், அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்று தெரிந்தவர்கள் குறைவு. ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல்தான். ஸ்பைடரைத் தொடங்கி வைத்தவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். பேட்மேனுக்கு இன்னும் மோசம். 1939-ல் வந்த நாயகன், முதல் கதையை எழுதியவரே பில் ஃபிங்கர். உருவாக்கியவர் என்று போட்டுவந்த பாப் கேன் பெயரோடு ஃபிங்கர் பெயரையும் சேர்த்துப் போட 2015 ஆனது. ஃபிங்கர் 1974-லேயே இறந்துவிட்டார்.

ஆகவே கலைஞர் சீட்டில் வெறும் பெயரை மட்டும் அச்சடிக்காதீர்கள். பெயருக்குக் கீழே அந்த வருஷம் அவர் செய்த புத்தகங்களின் பெயரையும் போடுங்கள். இல்லாவிட்டால் நெடுநாள் புகழுக்கு ஓட்டு விழும், இந்த வருஷத்து வேலைக்கு விழாது.

ஓவியரை எப்படி மதிப்பிடுவது என்று புதியவர்கள் கேட்பார்கள். நான் செய்வது இது. ஒரு சண்டைப் பக்கத்தை எடுத்து, வசனப் பலூன்கள் மேலெல்லாம் துண்டுக் காகிதம் வைத்து மூடிவிடுவேன். யார் எங்கே நிற்கிறார், அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அடுத்த கட்டத்தில் எங்கே போய் விழுகிறார் என்று படத்தை மட்டும் பார்த்துப் புரிந்தால் அவர் கதை சொல்லத் தெரிந்தவர். அட்டையில் தசை தசையாக வரைந்துவிட்டு, உள்ளே முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கட்டத்தை ரொப்புகிறவர்கள் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள். பென்சிலில் வரைபவரும் அதன்மேல் மை போடுபவரும் வேறு வேறு ஆள் என்றால் இருவரையும் ஜோடியாகச் சீட்டில் போடுங்கள். வண்ணத்துக்கு இரவுக் காட்சியைப் பாருங்கள். இருட்டிலும் ஆளும் சுவரும் தனித்தனியாகத் தெரிந்தால் வண்ணக்காரர் கெட்டிக்காரர். வாட்ச்மெனில் வரைந்ததும் பலூன்களில் எழுத்துப் பொறித்ததும் டேவ் கிப்பன்ஸ்தான், வண்ணம் ஜான் ஹிக்கின்ஸ், கதை ஆலன் மூர். யாருக்கு எதற்கு ஓட்டு என்று பிரித்துப் பார்க்கப் பழக அது நல்ல பாடம்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு பிரிவு கட்டாயம் வையுங்கள்: சிறந்த தமிழாக்கமும் எழுத்தமைப்பும். இங்கிலீஷ்க்கு அளவெடுத்த பலூனுக்குள் தமிழ் வாக்கியம் உட்கார வேண்டும். நமக்கோ சொல் நீளம். எழுத்து பலூனின் ஓரத்தில் முட்டுகிறதா, ஒரு சொல் உடைந்து இரண்டு வரியில் தொங்குகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், வில்லன் பேசுவது வில்லன் பேச்சாக இருக்கிறதா, இல்லை எல்லோரும் ஒரே ஆள் போலப் பேசுகிறார்களா என்பது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு இரண்டு பக்கம் வாய்விட்டுப் படித்துக் காட்டினாலே தெரிந்துவிடும்.

மொத்தத்தில் ஏழெட்டுப் பிரிவுக்கு மேல் வேண்டாம். சிறந்த வில்லன், சிறந்த உடை என்றெல்லாம் சேர்த்துக்கொண்டே போனால் எண்ணி முடிப்பதற்குள் ராத்திரி ஆகிவிடும்.

கள்ள ஓட்டு

1988-ல் பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் வாசகர்களிடமே கேட்டது: அப்போது பேட்மேனின் துணைவன் ராபினாக இருந்த ஜேசன் டாட் சாகட்டுமா, பிழைக்கட்டுமா? இரண்டு தொலைபேசி எண் கொடுத்தார்கள், அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்பில் பையன் செத்தான். ஒரே ஆள் கம்ப்யூட்டரை வைத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான் என்ற பேச்சு இன்னும் அடங்கவில்லை. அது உண்மையோ பொய்யோ, ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம் என்று கதவைத் திறந்து வைத்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது.

எங்கள் முறை நேரில் வந்து போடுவது. வெளியூரில் இருப்பவர்களுக்கு மட்டும் கூகுள் ஃபார்ம், அதுவும் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களுக்கு. வாட்ஸ்அப் குரூப்பில் வாக்கெடுப்பு வைக்காதீர்கள். யார் எதற்குப் போட்டார் என்று சாதாரணமாகவே தெரியும், முன்னால் இருப்பதைப் பார்த்து மற்றவர்கள் அதற்கே போடுவார்கள், மச்சானைச் சேர்த்துவிட்டு ஓட்டுப் போட வைப்பதும் நடக்கும்.

'யாருக்கும் இல்லை' என்ற கட்டமும் சீட்டில் இருக்கட்டும். அறிவியல் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ விருதில்கூட அது உண்டு. வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2019-ல் நம் மக்களவைத் தேர்தல் பணப் புகாரில் ரத்தாகி, ஆகஸ்டில் தனியாக நடந்தது. வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு, நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம்.

மஞ்சள் சீட்டு எண்ணும் முறை

இறுதிச் சுற்றில் மார்க் வேண்டாம். வாத்தியார் எவ்வளவு பிடித்தாலும் ஆறுக்கு மேல் போட மாட்டார், காட்பாடி மாணவர் எல்லாவற்றுக்கும் பத்து போடுவார். ஐந்துக்கும் 1, 2, 3, 4, 5 என்று வரிசை எழுதச் சொல்லுங்கள். யாருக்கும் இல்லை என்பதை எந்த இடத்தில் வேண்டுமானாலும் நுழைக்கலாம்.

சீட்டுகளை முதல் விருப்பப்படி மேசையில் ஐந்து அடுக்காக வையுங்கள். 15 சீட்டு என்போம். ஒரு பேட்மேன் தொடருக்கு 4, இன்னொரு பேட்மேன் தொடருக்கு 3, ஸ்பைடர்மேனுக்கு 5, ஒரு தமிழ்ப் புத்தகத்துக்கு 2, ஐந்தாவதுக்கு 1. இங்கேயே நிறுத்தினால் ஸ்பைடர்மேன் ஜெயித்துவிடும், பேட்மேன் ஓட்டு பிரிந்ததுதான் காரணம். நிறுத்தாதீர்கள். யாராவது 8 தொட வேண்டும். கடைசியில் இருக்கிற ஒற்றைச் சீட்டை எடுத்து அதன் இரண்டாம் விருப்பத்தைப் பாருங்கள், முதல் பேட்மேனுக்குப் போகிறது: 5. அடுத்து தமிழ்ப் புத்தகத்தின் இரண்டு சீட்டு, ஒன்று முதல் பேட்மேனுக்கு, ஒன்று ஸ்பைடர்மேனுக்கு: 6, 6. பிறகு இரண்டாவது பேட்மேனின் மூன்று சீட்டும் பிரிகின்றன, இரண்டு முதல் பேட்மேனுக்கு, ஒன்று ஸ்பைடர்மேனுக்கு. 8, 7. முடிந்தது. கடைசி இடத்தில் இரண்டு புத்தகம் சமமாக நின்றால், முதல் சுற்றுச் சராசரி குறைந்தது வெளியே போகும்.

ஒருவர் உரக்கப் படிக்கட்டும், இருவர் தனித்தனித் தாளில் கோடு போடட்டும், கணக்கு ஒத்துப்போனால்தான் அடுத்த பிரிவு. பிரியாணிப் பொட்டலம் எண்ணி முடித்த பிறகுதான் பிரிக்கப்படும். ஆம்பூரிலிருந்து வருகிறவர் கத்திரிக்காய்த் தொக்கோடு வந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, வாசனையாலேயே எங்களை வேகப்படுத்துவார்.

முடிவை அறிவிக்கும்போது ஜெயித்தவர் பெயரோடு எத்தனை பேர் படித்தார்கள், சராசரி எவ்வளவு, எந்தச் சுற்றில் எது வெளியேறியது என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். தமிழ்ப் புத்தகம் ஏதாவது ஜெயித்திருந்தால் பதிப்பகத்துக்கு ஒரு பிரதி தபாலில் போகட்டும். தாளின் பின்பக்கத்தில் காத்திருப்போர் பட்டியலையும், அந்தப் புத்தகங்கள் யாரிடம் இருக்கின்றன என்பதையும் போடுங்கள். அவை பிப்ரவரியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றுக்கு வரும். டிசம்பருக்குள் மூன்றில் ஒரு பங்குப் பேர் படித்துவிட்டால், அடுத்த ஜனவரி வெள்ளைச் சீட்டில் அவற்றுக்கும் ஒரே ஒரு முறை இடம் உண்டு.